சோக வேடம் கேட்டு வந்தவர்

"…லைட்டு, மைக்கு, சேரு, அத்தனையும் நான் பாத்துக்கறனுங்க. உங்களுக்கு ஒரு சோலியும் இல்ல. நீங்க பாத்துக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். அந்த வேசங்கட்டிட்டு நான் நிக்கறப்ப யாரும் சிரிக்கக் கூடாது" என்று அவர் சொல்லி முடிக்கவும் மாமா சிரித்துவிட்டார்.

மாமாவைக் குற்றம் சொல்ல முடியாது. கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தார். டீ டம்ளரோடு வந்த அம்மா முந்தானையை வாயில் திணித்தபடி வந்த வழியே உள்ளே ஓடிவிட்டாள். ஓடிய வேகத்தில் டீ சிந்தியது. தொலைக்காட்சியில் அந்தச் சிரிப்பு நடிகரின் முகம் வந்தாலே சிரித்துப் பழகிய வீடுகள் எங்களுடையவை. கைக்குழந்தைக்குச் சோறூட்டக்கூட எங்கள் லைன் வீட்டுப் பெண்கள் அவருடைய காட்சியைத்தான் போட்டுவிடுவார்கள். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் நீங்களும் சிரித்துவிடுவீர்கள், அப்புறம் நான் சொல்ல வந்ததைச் சொல்ல முடியாது.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மழை விடட்டும் என்று கடையோரம் ஒதுங்கி நிற்பவரைப் போல, சிரிப்பு அடங்கும்வரை எங்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார்.

"இந்தப் பாப்பா சிரிக்கல பாருங்க. ஏங் கண்ணு, உனக்குச் சிரிப்பு வரலியா?"

"எங்கூட்டு டிவி ரிப்பேருங்க" என்றேன்.

இந்த முறை அவர் சிரித்தார். "இவளே போதுங்க. இவளே எம்புள்ளையா நிக்கட்டும்" என்றார் மாமாவிடம். நான் நடிகையான கதை அவ்வளவுதான். திறமை ஒன்றும் காரணமில்லை, பழுதான டிவிதான் காரணம்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஓவர்லாக் டெய்லர். திருப்பூர் ராயபுரத்தில் எங்கள் வீட்டிலேயே ஓரறையில் இருந்தார். கல்யாணம் ஆகவில்லை. "எனக்கு நாடகந்தான் பொண்டாட்டி" என்பார். "அந்தப் பொண்டாட்டியச் சோறாக்கச் சொல்லு" என்பாள் அம்மா. கட்டிங் மாஸ்டர், அயர்ன் போடுகிறவர், செக்கிங் அக்காக்கள் என்று பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நாடகம் போடுவார். மூடிக்கிடந்த ஒரு நிட்டிங் கம்பெனியின் குடோன்தான் ஒத்திகைக்கும் இடம், மேடைக்கும் இடம். நூல் பஞ்சு இன்னும் சுவரெல்லாம் ஒட்டிக்கிடக்கும். யாராவது உணர்ச்சிவசப்பட்டு மூச்சை இழுத்தால் தும்முவார்கள்.

வேடம் கேட்டு வந்தவரும் அந்தக் குடோனிலிருந்து கிளம்பியவர்தான். வெள்ளகோவில் பக்கத்திலிருந்து இளவயதில் திருப்பூருக்கு வந்து, டெய்லர் தைத்துப் போடுவதை மடித்து அடுக்கும் கைமடி வேலையில் சேர்ந்தவர். இதே நாடகக் குழுவில், மாமாவுக்கு முந்தினவர்கள் காலத்தில், முதன்முதலாக மேடை ஏறினாராம். கிடைத்தது ஒரு ஏழைத் தகப்பன் வேடம். பள்ளிக்கூட ஆண்டு விழா முடிந்து எல்லாக் குழந்தைகளும் போனபின், ஒற்றையாய் நிற்கும் மகளைக் கூட்டிப்போகத் தாமதமாக வருகிற தகப்பன். ஊரே அழ வேண்டிய காட்சி. இவர் வாயைத் திறந்ததும் சனம் கொல்லென்று சிரித்துவிட்டது. குரல் அப்படி, மூஞ்சி அப்படி. அந்தச் சிரிப்பைக் கையோடு எடுத்துக்கொண்டுதான் சென்னைக்கு, சினிமாவில் காமெடி செய்யப் போனார். பிறகு நடந்தது நாட்டுக்கே தெரியும்.

காங்கேயத்தில் ஒரு கடைத் திறப்புக்கு வந்தவரை மாமா போய்ப் பார்த்து, குழுவுக்கு லைட் இல்லை, மைக் இல்லை, மூடிவிடலாமா என்று யோசிக்கிறோம் என்று சொல்லியிருக்கிறார். அவர் மறுவாரமே எங்கள் வீடு தேடி வந்துவிட்டார். எல்லாம் தருகிறேன், அந்தப் பழைய தகப்பன் வேடத்தை மறுபடியும் எனக்குக் கொடுங்கள், சிரிக்காமல் ஒருதரம் பாருங்கள் என்பதுதான் அவர் கேட்டது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பாவும் அம்மாவும் ஒரே எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை. அப்பா பேக்கிங், அம்மா செக்கிங். ஷிப்மெண்ட் நெருங்கினால் இருவரும் வீட்டுக்கு விருந்தாளிகள் மாதிரிதான். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து, கழுத்தில் தொங்கும் சாவியால் பூட்டைத் திறந்து, தட்டுப் போட்டு மூடிவைத்த சோற்றைத் தின்றுவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்திருப்பேன். பக்கத்து வீட்டு அக்கா போகிற போக்கில், "என்ன அம்மிணி, வாச்மேன் வேலையா?" என்பாள். நானும் ஆமாங்க்கா என்பேன். வேறு என்ன சொல்வது? நாடகம் வந்த பிறகு எனக்கு உட்கார ஒரு குடோன் கிடைத்தது. அவ்வளவு பேர் நடுவே உட்கார்ந்திருப்பதே எனக்குப் பண்டிகை மாதிரி இருந்தது.

அவர் ஒத்திகைக்குச் சில தடவைதான் வந்தார். கறுப்புக் கண்ணாடி போட்ட கார் தெருமுனையில் திரும்பும்போதே பிள்ளைகள் பின்னால் ஓடும். இறங்கினால் தீர்ந்தது. "அண்ணா, ஒரு டயலாக்ண்ணா… அண்ணா, அந்த நடை நடந்து காட்டுங்ண்ணா." அவரும் நடந்து காட்டுவார். எல்லோரும் போனில் பிடித்துக்கொண்டு போவார்கள். ஒருவரும், சாப்பிட்டீர்களா என்று கேட்டதில்லை. மத்தியானம் காரின் பின்சீட்டில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தயிர்ச்சோறு சாப்பிடுவார். ஒரு நாள் நான் கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்து உள்ளே பார்த்தேன். அவர் கதவைத் திறந்துவிட்டார். ஏறி உட்கார்ந்தேன். ஊறுகாயில் பாதியை எனக்கு வைத்தார். இரண்டு பேரும் பேசவில்லை. தனியாகச் சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு, பக்கத்தில் ஆள் இருந்தாலும் பேச வராது.

கடைசி வாயை உருட்டிக்கொண்டு, "அந்த எடத்துல நிக்கறப்ப மனசுல என்ன கண்ணு நெனச்சுக்குவே?" என்று கேட்டார்.

"ஒண்ணும் நெனைக்க மாட்டனுங்க. ஊட்டு வாசல்ல உக்காந்திருக்கற மாதிரியே நிப்பேன்."

அவர் டப்பாவை மூடினார். "அது போதும்" என்றார்.

திரைச்சீலையும் வாங்கித் தருவதாகச் சொன்னார், வெல்வெட்டில். அங்கேதான் எங்கள் ஆட்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஏனுங்ணா, திருப்பூருக்கு வந்து நீங்க துணி வாங்கிக் குடுத்தா நாங்க ஊருக்குள்ள தலைகாட்ட முடியுங்களா?" என்றார் மாமா. சாயத்தில் ஷேட் மாறிப்போய் ஒதுக்கி வைத்திருந்த அரக்கு நிறப் பனியன் துணி ரோல் ஒன்றைக் கட்டிங் மாஸ்டர் எங்கிருந்தோ கொண்டுவந்தார். மொத்தக் குழுவும் உட்கார்ந்து தைத்தது. தையல் எங்கே இருக்கிறதென்று தேடித்தான் பார்க்க வேண்டும், அப்படி ஒரு தையல். பனியன் துணி என்றால் சுருங்கும் என்பது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அந்தச் சுருக்கத்துக்காகத்தான் வெளிநாட்டுக்காரன் சரக்கைத் திருப்பி அனுப்புவான், கம்பெனியில் வசவு விழும். அதனால் மாஸ்டர் முன்ஜாக்கிரதையாக ஒரு முழம் கூட்டியே வெட்டியிருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் தொங்கவிட்டபோது கூட்டி வெட்டிய முழம் மட்டும் தரையில் படிய அழகாக நின்றது.

மாமாவின் கவலையெல்லாம் சனத்தைப் பற்றித்தான். தெருத்தெருவாகப் போய், "சோக நாடகமுங்க. தயவுசெஞ்சு சிரிச்சுப்போடாதீங்க" என்று கும்பிட்டுவிட்டு வந்தார். அதைக் கேட்டவர்கள் அங்கேயே சிரித்தார்கள். அப்புறம் மாமாவுக்கு ஒரு யோசனை உதித்தது. குடோனுக்குப் பின்னால் பீகார் பையன்கள் தங்கியிருக்கும் கட்டடம் இருந்தது. அவர்களுக்கு இவர் யாரென்றே தெரியாது. தமிழ் டிவி பார்ப்பதில்லை. "முன்னாடி நாலு வரிசையும் அவனுகள உக்காத்தி வெச்சுட்டா, மொகத்தப் பாத்துச் சிரிக்க ஆளில்ல பாரு" என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார். "கதை புரியாதேடா?" என்றாள் அம்மா. "புரியாட்டிச் சும்மாத்தான உக்காந்திருப்பாங்க. அதான வேணும்" என்றார் மாமா.

அம்மாவும் அப்பாவும் கட்டாயம் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையும் வேலைதான், தூத்துக்குடிக்குக் கண்டெய்னர் ஏறுகிற நாள். ஆனாலும் மத்தியானம் விட்டுவிடுவார்கள் என்று அம்மா என் தலையைத் தொட்டுச் சொன்னாள். மாமா அவர்களுக்கு இரண்டு நாற்காலி பிடித்து வைத்தார்.

ஞாயிறு மத்தியானம் குடோனைத் திறந்தவர்கள் மேடைப்பக்கம் ஓடினார்கள். திரை வளர்ந்திருந்தது. தன் பாரத்தால் தானே இழுபட்டு, தரையில் மலைப்பாம்பு மாதிரிச் சுருண்டு கிடந்தது.

"சுருங்கும்னு நெனச்சு நாஞ் சேத்தியில்ல வெட்டுனேன்" என்றார் மாஸ்டர், நம்ப முடியாமல்.

"நீ துணி தொங்கி எங்கய்யா பாத்திருக்கே? உன்ற மேசமேல அது படுத்துக் கெடந்துதானே பாத்திருக்கே" என்று மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

வெட்டித் தைக்க நேரமில்லை. அடியில் மடித்து ஊசி குத்தி வைத்தார்கள். வாசலில் கூட்டம் நெருக்கத் தொடங்கிவிட்டது. அவர் கிழிந்த சட்டையும் அழுக்கு வேட்டியுமாக மேடை ஓரத்தில் நின்று, உதடு அசைய வசனத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இறுக்கிப் போர்த்திக்கொண்டார். குளிருதுங்களா என்று கேட்டேன். அத்தனை பேரைச் சிரிக்க வைத்தவருக்கு மேடையைக் கண்டு பயம் வரும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

நாடகம் தொடங்கியது. முன்கதையெல்லாம் ஒழுங்காகவே போனது. பிறகு எங்கள் காட்சி. காலிப் பள்ளிக்கூடம், நான் மட்டும் தேவதை உடுப்போடு நடுவில். கயிற்றை இழுத்தார்கள், திரை விலகியது, ஊசிகள் தெறித்தன. மலைப்பாம்பு பழையபடி தரையில் இறங்கியது. அவர் தலையைக் குனிந்து, ஊரின் துக்கத்தையெல்லாம் தோளில் சுமந்தவராக உள்ளே நுழைந்தார். கால் அதில் மாட்டியது. குப்புற விழுந்தார். எழுந்து இரண்டு எட்டு வைத்தார். திரை கயிற்றிலிருந்து அறுந்து வாலைப்போல் பின்னாலேயே வந்தது.

முதலில் சிரித்தது பீகார் பையன்கள்தான். தடுக்கி விழுவதற்கு மொழி எதற்கு? அவர்களைத் தொடர்ந்து பின்னால் இருந்த மொத்த ஊரும் கூரை அதிரச் சிரித்தது. இதற்குத்தான் சிரிக்காதே சிரிக்காதே என்று மாமா சொல்லி ஏமாற்றியிருக்கிறார் என்று சனம் முடிவுகட்டிவிட்டது. மேடையோரம் மாமா கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

அவர் நிதானமாகக் காலை விடுவித்துக்கொண்டார். துணியை எடுத்து, பழைய கைமடிக்காரர் கைவாக்கில் சரசரவென்று மடித்து ஓரமாக வைத்தார். அதற்கும் சிரித்தார்கள். அவர் நின்றார். எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தாரே, அதே மாதிரி நின்றார். சிரிப்பு குறைந்தது. யாரோ மறுபடி தொடங்கினார்கள், யாரோ அவர்களை அதட்டினார்கள்.

நான் என் வசனத்தைச் சொன்னேன். "எல்லாரும் போயிட்டாங்கப்பா. நான் மட்டுந்தான் இருக்கேன்."

எப்படிச் சொன்னேன் என்று தெரியாது. குடோன் அமைதியாகிவிட்டது. கம்பெனி ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அத்தனை மெஷினும் ஒரே நேரத்தில் நின்று ஒரு அமைதி வரும். காது அடைத்ததுபோல இருக்கும். அப்படி ஒரு அமைதி. முன்வரிசைப் பையன் ஒருவன் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தவன், வாயை மூடிக்கொண்டான். வீட்டுக்கு வராத தகப்பனும் காத்திருக்கும் பிள்ளையும் அவன் ஊரிலும் உண்டுதானே.

அவர் பேசத் தொடங்கினார். அதுவரை நான் கேட்டிராத குரல். "வந்துட்டேன் சாமி. அப்பவே வந்துட்டேன்…"

ஒருவரும் சிரிக்கவில்லை. எத்தனையோ வருசமாய் அவர் கேட்டுக்கொண்டிருந்தது கிடைத்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் நான் முன்வரிசைகளைத் தாண்டிப் பார்த்தேன். மாமா பிடித்து வைத்திருந்த இரண்டு நாற்காலிகளில் ஒன்றில் யாரோ ஒருவருடைய டிபன் பை உட்கார்ந்திருந்தது. இன்னொன்றில் ஒருவரும் இல்லை. அடுத்த வசனம் என்னுடையது, வரவில்லை. வாயைத் திறந்தால் விக்கல் மாதிரி ஏதோ வந்தது. கண்ணீர் ஒழுகி, பவுடர் கோடு கோடாகக் கரைந்து, மூக்கும் ஒழுகியது. "என்னமா நடிக்குது பாரு புள்ள" என்று ஒரு பெண் சொன்னது மேடைவரை கேட்டது. அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

காட்சிப்படி அவர் தரையைப் பார்த்துப் பேச வேண்டும். அவர் என்னைப் பார்த்தார். பக்கத்தில் வந்து குந்தினார். மைக்குக்குக் கேட்காத குரலில், "என்ன கண்ணு?" என்றார்.

"அம்மா வரல" என்றேன்.

அவர் முகம் என் முகத்துக்கு அருகில்தான் இருந்தது. ஒரு கணம் சனத்தின் பக்கம் திரும்பினார். அந்த அமைதியைப் பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும், பார்க்க முடிந்த பொருள் மாதிரி அது அங்கே இருந்தது. பிறகு எழுந்தார். மடித்து வைத்த துணிவரை நடந்து போனார். அதை உதறி விரித்தார். வேண்டுமென்றே அதில் காலை விட்டு, முன்பைவிடப் பெரிதாக, டிவியில் விழுவாரே அதே மாதிரி, தொப்பென்று விழுந்தார். எழுந்து துணியைச் சேலை மாதிரி சுற்றிக்கொண்டு, ஊருக்கே தெரிந்த அந்தக் குரலில் என்னைப் பார்த்து, "ஏனுங்க அம்மிணி, இந்தக் கலரு எனக்கு எடுப்பா இருக்குதுங்களா?" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். மூக்கிலிருந்து குமிழி வந்தது, அப்படிச் சிரித்தேன். கூட்டம் எழுந்து நின்று விசிலடித்தது. அதற்குப் பிறகு சோகம் ஏது? மிச்ச நாடகம் முழுக்க அவர் அந்தத் துணியோடு மல்லுக்கட்டியதுதான்.

எல்லோருக்கும் ஏகத் திருப்தி. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்ட குடோன் ஓனர், "வருசா வருசம் இங்கியே போடுங்க, நான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன்" என்றார். குழு பிழைத்துக்கொண்டது. லைட்டும் மைக்கும் எங்களிடமே தங்கின. இன்றைக்கும் அங்கே நாடகம் நடக்கிறது, சிரிப்பு நாடகம் மட்டும்.

மாமாதான் திரைக்குப் பின்னால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழாத குறையாகக் கேட்டார். "ஏனுங்ணா, வந்துதுங்களே! ஒரு சத்தமில்லாம உக்காந்திருந்தாங்களே! கைக்கு வந்தத இப்படி விட்டுட்டீங்களே!"

"ஆமாங்க. வந்துது" என்றார் அவர். அவர் பயந்துவிட்டார் என்று மாமா இன்றைக்கும் சொல்லுவார். அம்மா வரவில்லை என்று நான் சொன்னதை நான் மாமாவிடம் சொல்லவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர்தான் சிரிக்கக் கூடாது என்றார், அவரே சிரிக்க வைத்தார், பெரியவர்கள் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

கூட்டம் செல்ஃபி எடுத்துத் தீர்ந்து கலைந்தது. மாமாவும் மற்றவர்களும் நாற்காலிகளை அடுக்கி வண்டியில் ஏற்றப் போய்விட்டார்கள். வெளியே வெளிச்சம் இன்னும் இருந்தது. நான் தேவதை உடுப்போடு மேடை விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு, கேட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். டிரைவர் வந்து, "கெளம்பலாங்களா சார்?" என்றார். "நீ போய் டீ குடிச்சுட்டு வா" என்று டிரைவரை அனுப்பிவிட்டு அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சட்டையைக்கூட மாற்றவில்லை.

பிறகு அவர், "நான் சொல்ல வேண்டியது மிச்சமிருக்கு கண்ணு. சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

"ம்" என்றேன். எனக்குப் பசித்தது.

"வந்துட்டேன் சாமி. அப்பவே வந்துட்டேன். நீ ஆடுனது, பாட்டுக்குக் கைதட்டுனது, எல்லாம் பாத்தேன். கேட்டுக்கு வெளியவே நின்னுட்டேன். இந்தச் சட்டையோட உள்ள வந்தா, இதா உங்கப்பான்னு உன்னக் கேப்பாங்களேன்னு…"

மைக் இல்லை. அடுத்த ஆளுக்குக் கேட்காத குரல். அதில் சிரிக்க ஒன்றுமே இல்லை. நான் சிரிக்கவும் இல்லை. கேட்கவும் இல்லை, தெருவில் போகும் வண்டிகளைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். நாடகம்தான் முடிந்துவிட்டதே, இவர் ஏன் இன்னும் பேசுகிறார் என்று இருந்தது.

அம்மாவின் ஸ்கூட்டி தெருவுக்குள் திரும்பியது. குதித்து ஓடினேன். கேட் அருகே போய்த் திரும்பிப் பார்த்தேன். அவர் நிறுத்தவில்லை. நான் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்து, மிச்சத்தையும் சொல்லிக்கொண்டிருந்தார்.